நிலைக்கால் கேட்ட மனிதர்

அவர் லஞ்சம் வாங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரைப் பற்றி அருவருப்போடு எழுதப்போகிறேன் என்றதும், 'மனுஷன் நன்றாகச் சுருட்டியிருப்பான்' என்று நினைத்துக்கொண்டு நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தச் சௌகரியம் கிடைக்காது. அடுத்தவன் தட்டிலிருந்து ஒரு வெற்றிலைகூட அவர் எடுத்ததில்லை. துர்கா பூஜைச் சமயத்தில் அரிசிக் குத்தகைக்காரன் ஒருவன் ஒரு சட்டி ரசகுல்லா கொடுத்தனுப்பினான். மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பியதோடு விடவில்லை. சட்டி கட்டுப் பிரியாமல் திரும்பி வந்ததாக அவன் கைப்பட எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட உத்தமர். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

கல்கத்தாவில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மின்சாரத்தில் டிராம் ஓட ஆரம்பித்திருந்த காலம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, லால்தீகிக் குளத்தருகே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அவர் எங்கள் பிரிவின் தலைமைக் குமாஸ்தா. புயலோ வெள்ளமோ வந்து ஜனங்கள் வீடு வாசலை இழந்தால் சர்க்கார் கொடுக்கிற அரிசி, மூங்கில், கூரை ஓலை எல்லாம் எங்கள் பிரிவின் காகிதங்கள் வழியாகத்தான் போகவேண்டும். இரண்டு பேரும் காளிகாட்டில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். மாடியில் அவரும் அவர் மனைவியும். கீழே நானும் என் மனைவியும் குழந்தைகளும். ஊர்ப்பக்கத்து மனுஷர் என்பதால் நான் அவரை அண்ணா என்பேன், அவர் மனைவியை மன்னி என்பேன். அவர் என்னை 'ஓய்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நெடுநெடுவென்று ஒல்லியான ஆள். பஞ்சகச்சம், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. முகத்தில் முக்கால்வாசி மூக்குதான். அந்த மூக்குக்கு ஓய்வே கிடையாது. பால் வந்தால் முகர்வார். வெளுக்கப்போட்ட வேட்டி வந்தால், தன்னுடையதுதானா என்று முகர்வார். அலுவலகத்துக்கு லீவு கேட்டு யாராவது மருந்துச் சீட்டோடு வந்தால் அந்தச் சீட்டையும் ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோவார். சீட்டில் மருந்து வாசனை அடிக்கவேண்டுமாம்.

அவர் எதையும், யாரையும் நம்பமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

"உங்க அண்ணாகிட்ட பசிக்கறதுன்னு சொன்னா நாக்கை நீட்டச் சொல்லுவார்" என்று மன்னி என் மனைவியிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒரு மாசிமாதம் அவளுக்கு வயிற்றில் வலி கண்டு சுருண்டு படுத்துவிட்டாள். வைத்தியரைக் கூப்பிட நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, "எந்த இடத்துலே வலின்னு காலமே ஒரு தரம் சொன்னே, இப்போ ஒரு தரம் சொல்லு, பார்ப்போம்" என்றார். இரண்டும் ஒரே இடமாக இருந்ததால் வைத்தியர் வந்தார்.

காளி கோயில் சந்தில் கண் தெரியாத கிழவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணா அவனுக்குத் தர்மம் செய்வது உண்டு. செய்வதற்கு முன்னால் குடையின் நுனியைச் சட்டென்று அவன் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவார். இமை அசையாது. "நெஜக் குருடன்தான்" என்று திருப்தியோடு காசு போடுவார். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல், "போன வாரம்தானே அண்ணா சோதிச்சேள்?" என்று கேட்டேன்.

"போன வாரம் குருடன்னா இந்த வாரமும் குருடனா இருக்கணும்னு சட்டமா ஓய்?" என்றார்.

நான் சிரித்தேன். அப்போதெல்லாம் இந்த மாதிரி விஷயங்களை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டி, என் மனைவியையும் சிரிக்கவைப்பேன்.

இன்னொரு விஷயம். இருபது வருஷமாகக் கல்கத்தாவில் இருந்தும், வங்காளி தெரியாது என்று அலுவலகத்தில் சாதித்துவந்தார். நிவாரணம் கேட்டு வருகிறவர்கள் அழுதாலும் கத்தினாலும் கல்லைப்போல உட்கார்ந்திருப்பார், வந்த கொஞ்ச நாளில் வங்காளி கற்றுக்கொண்ட நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். ஆனால் காளிகாட் காய்கறிச் சந்தையில் நானே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். கத்தரிக்காய்க்காரியோடு சரளமாக வங்காளியில் வாதாடிக்கொண்டிருந்தார். அவள் சொன்ன வசவையும் புரிந்துகொண்டு பதில் கொடுத்தார். திரும்பினால் நான் நிற்கிறேன். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

"பாஷை தெரியும்னு தெரிஞ்சுடுத்துன்னா மூஞ்சிக்கு நேரே அழுவா ஓய். மனசு இளகிடும். நடுவிலே நீர் ஒருத்தர் இருந்தா, உம்ம வாயாலே வரச்சே பாதிக் கண்ணீர் வத்திப்போயிடும்" என்றார்.

இதையும் அன்றைக்கு நான் பெரிய சாமர்த்தியம் என்றே நினைத்தேன். அவரை நான் மெச்சியதற்குக் காரணமும் இருந்தது. ஒரு தரம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வெள்ள நிவாரணத்துக்கு வந்த அரிசியைப் பார்வையிடப் போனோம். மற்ற அதிகாரிகள் மேல் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேகனுக்குள் ஏறி அடிமூட்டையை இழுத்துக் கிழித்து, முழங்கைவரை கையை விட்டார். கை நிறைய மணல் வந்தது. குத்தகைக்காரன் காலில் விழுந்தான். இவர் மசியவில்லை. அந்த வேகன் முழுவதும் திரும்பிப் போய் நல்ல அரிசியாக வந்து சேர்ந்தது. கோட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்கு மார்பு விம்மியது. இப்படிப்பட்ட மனிதரின் கீழ் வேலை பார்க்கிறோமே என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் மேலே இருந்த துரை, நிவாரணம் கொடுக்கிற முறையைச் சீர்திருத்த யோசனை கேட்டார். அதுவரைக்கும் ஊர்ப் பெரிய மனிதர்கள் எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு மூங்கிலும் ஓலையும் கொடுத்துவந்தோம். பட்டியலில் செத்தவன் இருப்பான், பிறக்காதவன் இருப்பான், பெரிய மனிதனின் மைத்துனன் மூன்று பெயரில் இருப்பான். சீர்திருத்தம் வேண்டியதுதான். அண்ணா ஒரு வாரம் மாடியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு கீழே வந்து, என் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

"பட்டியலே வேண்டாம் ஓய். வீடு போனவன் வீட்டோட நிலைக்காலைக் கொண்டு வரட்டும். கூரை பறக்கும், சுவர் கரையும். நிலைவாசல் எங்கேயாவது கிடக்கும். கொண்டுவந்தா மூங்கில். கொண்டுவந்த காலிலே தாராலே ஒரு வட்டம் போட்டுட்டா அதையே இன்னொருத்தன் தூக்கிண்டு வரமுடியாது. எப்படி?"

பிரமாதம் அண்ணா என்றேன். நாங்கள் இரண்டு பேரும் காவிரிக்கரைக்காரர்கள். எங்கள் பக்கம் வீடு கட்டினால் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி நிலை வைத்த பிறகுதான் சுவரே எழும்பும். நிலையில்லாத வீடு என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அந்த யோசனையை என்னுடைய மணியான கையெழுத்தில் நான்தான் நகல் எடுத்தேன். துரை படித்துவிட்டு, இத்தனை எளிமையான யோசனையை இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டாராம். அது விதியாகிவிட்டது.

ஐப்பசியில் தெற்கே, தீவுகளின் பக்கம் புயல் அடித்தது. கடல் ஏறி வந்து ஊர் ஊராக வழித்துக்கொண்டு போயிற்று. அங்கிருந்து படகுகள் ஆதிகங்கை வாய்க்கால் வழியாகக் காளிகாட் வரைக்கும் வரும் என்பதால், வாய்க்கால் கரையிலேயே கொட்டகை போட்டு மூங்கிலையும் ஓலையையும் அரிசியையும் குவித்தோம். அண்ணா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். எங்கள் எதிரே ஒரு தார்ச் சட்டி.

முதல் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிலைக்காலோடு வந்தவர்கள் எல்லாம் நெல் வியாபாரிகளும் நிலக்காரர்களும். நல்ல தேக்கு, சால் மரக் கால்கள். ஏழை ஜனங்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு மீன்பிடிக்காரன் என்னிடம் பொறுமையாக விளக்கினான்: "எங்க வீடு நாலு மூங்கிலும் மண்ணும்தான், பாபு. கதவே கிடையாது. வாசல்லே பாய் தொங்கும்."

அண்ணாவிடம் சொன்னேன்.

"கதவே இல்லாததை வீடுன்னு எப்படி ஓய் சொல்றது? வீடே இல்லேன்னா இழந்தது எதை? அடுத்த ஆளைக் கூப்பிடும்."

வீட்டில் பாதி போனவனுக்கு வீடு முழுவதற்கும் மூங்கில் கிடைத்தது. எல்லாம் போனவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், தார் வட்டத்தைச் சுரண்டி எடுத்த நிலைக்கால்கள் வாய்க்கால் கரையில் வாடகைக்குக் கிடைத்தன. வாங்குகிற மூங்கிலில் பாதி, கால் கொடுத்தவனுக்கு. இதைக் கேள்விப்பட்டதும் அண்ணாவின் முகத்தில் வந்த ஒளியை நான் மறக்கமாட்டேன். "பார்த்தீரா? நான் சொன்னேனா இல்லையா? எல்லாரும் ஏமாத்தறவாதான்!" கல்யாண வீட்டுக்காரர்போல உற்சாகமாகிவிட்டார். தாரின் மேல் தாராக அழுத்தி வட்டம் போடச் சொன்னார். பொய்யர் பட்டியல் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார். அதில் பெயர் ஏறினால் மூங்கில் மட்டுமல்ல, அரிசியும் கிடையாது.

இதற்கு நடுவில்தான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷனை அலை கொண்டுபோய்விட்டது. வீடு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது என்றாள். இரண்டு குழந்தைகள், இங்கே வாய்க்கால் கரையில் கவிழ்த்துப்போட்ட ஒரு படகுக்கு அடியில் படுத்திருக்கின்றன. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, சின்னதுக்கு இருமல். நாலு மூங்கிலும் ஒரு கட்டு ஓலையும் கிடைத்தால் போதும், தானே கட்டிக்கொள்வாள். அவள் அழவில்லை. எத்தனை மூங்கில், எத்தனை கட்டு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணா அவளை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் தரம் அவள் படித்துறையில் இறங்கும்போது நான் பின்னாலேயே போனேன். யாரிடமாவது ஒரு நிலைக்காலை வாங்கிக்கொண்டு வந்துவிடு, தார் இருந்தால் நன்றாகச் சுரண்டிவிட்டு அடிபட்ட மாதிரி செதுக்கிவிடு என்று சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அது என் வீட்டுது இல்லையே, பாபு?"

"பரவாயில்லை, கொண்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு, ஏதோ பெரிய தர்மவானைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஆளுயரக் கால் ஒன்றைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேஜைக்கு முன்னால் இறக்கினாள். அண்ணா எழுந்து வந்தார். செதுக்கியிருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். பேனாக்கத்தியால் ஒரு சிராயைப் பெயர்த்து முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். மரத்துக்குள் இறங்கியிருந்த தார் வாசனை பளிச்சென்று அடித்தது.

"யார் கொண்டுவரச் சொன்னான்னு கேளும்."

நான் கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. தனக்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கும்போது என்ன பயம் என்பதுபோலச் சொன்னாள்.

"நீங்கதானே சொன்னீங்க, பாபு! இவர்கிட்டச் சொல்லுங்க. இந்தக் கால் என்னுது இல்லை, ஆனா என் வீடு போனது நெசம்னு சொல்லுங்க."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் தார்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பக்கத்து ஊர்க்காரன் எவனோ சொல்லிக் கொடுத்தானாம், அண்ணா."

அவருக்கு வங்காளி நன்றாகத் தெரியும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பியிருக்காது. அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பெண்டாட்டியின் வயிற்றுவலியை நம்பாத மனுஷர், குருடனின் கண்ணை நம்பாத மனுஷர், அன்றைக்கு என் பொய்யை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

"அப்படியா சொன்னா? சரி. அப்படியே எழுதிக்கும்" என்றார்.

பொய்யர் பட்டியலில் அவள் பெயரை நான்தான் எழுதினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் அவளுக்காகப் பரிந்து பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓரமாகப் போய் அந்தக் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மூங்கில் கட்டுகளைப் பார்த்தபடி இருந்தாள். கொட்டகையை மூடுகிற நேரம் வந்தது. எனக்கு அவளிடம் போய்ச் சொல்லத் துணிவில்லை. சேவகனை அனுப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, அவன் சொல்லி முடிப்பதற்குள் டிராமைப் பிடிக்கிறவன்போல நடையைக் கட்டினேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

அன்றைக்கு மாடிப்படியில் பாதி ஏறிய அண்ணா நின்று திரும்பி, "இனிமே ஜாக்கிரதையா இரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. தன் கூட்டத்து ஆள் என்று என்னைத் தழுவிக்கொண்டது அது. நானும் தழுவலுக்குள் ஒட்டிக்கொண்டேன். அன்று இரவு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மன்னி வற்றல்குழம்பு செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். சாப்பிட்டேன்.

அந்தச் சீர்திருத்தத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. எத்தனை பொய்யர்கள் பிடிபட்டார்கள், எத்தனை மூங்கில் மிச்சம் என்று மேலே பாராட்டினார்கள். மற்ற ஜில்லாக்களிலும் விதியைக் கொண்டுவந்தார்கள். அண்ணாவுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்து வேறு ஊருக்குப் போனார். எங்கள் காகிதங்களைச் சரிபார்க்கிற உத்தியோகம். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து வடக்கே வெள்ளம் வந்தது. மறுபடியும் நிலைக்கால், தார்ச் சட்டி. இந்தத் தடவை நான் துணிந்து ஒரு குறிப்பு எழுதினேன். ஏழைகளின் குடிசைகளுக்கு நிலையே கிடையாது. இந்த விதியால் அதிகம் இழந்தவர்களுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஆகையால் விதியை எடுத்துவிடவேண்டும். ஆறு பக்கம் எழுதினேன். குறிப்பு மேலே போயிற்று. மேலே என்றால் அண்ணாவிடம்.

திரும்பி வந்தபோது ஓரத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. 'வீட்டை மெய்யாகவே இழந்தும், இந்த விதியால் உதவி மறுக்கப்பட்டவர் ஒருவரையாவது தகுந்த சாட்சியத்துடன் காட்டினால் விதியை எடுத்துவிடச் சிபாரிசு செய்கிறேன்.'

ஒரே ஒருவர் போதுமாம். தெற்கே ஆள் அனுப்பி விசாரித்தேன். அவள் ஊர்க் கரை இரண்டாம் தரமும் உடைந்துபோயிருந்தது. படகுக்கு அடியில் இருந்தவர்கள் எங்கே போனார்கள், இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. சாட்சியமும் இருந்தது. 'இந்தப் பெண் பொய்க்காரி இல்லை. நிலைக்காலைக் கொண்டுவரச் சொன்னவன் நான். அவள் சொன்னதை மாற்றி மொழிபெயர்த்தவனும் நான்' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைவிடத் தகுந்த சாட்சியம் வேறில்லை. கேட்டவருக்கும் அது தெரியும். எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். என் மூத்த பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். மூன்று நாள் அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள், 'விசாரித்ததில் அப்படி யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

விதி அப்படியே நிலைத்துவிட்டது. வடக்கே அந்த வருஷக் குளிரில் என்ன நடந்தது என்பது எங்கள் காகிதங்களில் கிடையாது.

பத்து நாளில் அண்ணாவிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. என் மனைவிதான் பிரித்தாள். கூடத்தில் நின்று உரக்கப் படித்தாள். "உள்ளதை உள்ளபடி எழுதுகிறவனைச் சர்க்காரில் காண்பது அபூர்வம். என் சர்வீஸில் நான் சோதித்துப் பார்க்காமல் நம்பின மனுஷர் நீர் ஒருத்தர்தான்."

"அண்ணா லேசிலே யாரையும் நம்பமாட்டாரே!" என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணை, "தீதி, இங்கே வாங்களேன்" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டு, கடிதத்தை வரிவரியாக வங்காளியில் சொன்னாள். ஒன்றையும் மாற்றாமல் சொன்னாள். தீதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.